சிறுத்தைப் பெயர்ச்சீட்டு

கந்தப்பளைக் குளிரில் பிளேன்டீயை ஊற்றிய கையோடு குடித்துவிட வேண்டும், சேர். பேசிக்கொண்டிருந்தால் ஆறிப்போகும். அன்று அழகுமுத்து ஐயா எனக்கு ஊற்றிய டீயும் அப்படித்தான் ஆறிப்போயிற்று.

ஹட்டனில் எனக்குப் புத்தகம் பைண்ட் பண்ணும் கடை. பெயர்ச்சீட்டு சேர்ப்பது என் பைத்தியம். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் புத்தகங்களின் முன்னட்டைக்கு உள்ளே, பெயரும் படமும் அச்சடித்து ஒட்டிய சீட்டுகள். நானூற்றுப் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கிழிசல் கிடையாது.

ஐயா தோட்டத்து ஆபிஸில் கிளாக்கராக இருந்தவர். துரை விட்டுப்போன புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் சீட்டில், தேயிலைச் செடிக்குப் பின்னால் பதுங்கிய சிறுத்தை, மீசையைக்கூட எண்ணலாம். வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. மூன்று வருடம் கேட்டேன், தரவில்லை. அதற்காக நான் கோபப்படவுமில்லை.

போன மாதம் பேத்தி நிலக்ஷி பெயரில் ஒரு சீட்டு அடித்துத் தரச் சொன்னார். எந்தப் புத்தகத்துக்கு என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

“துரை பேருக்கு மேலயே ஒட்டிருங்க தம்பி. இந்த மலையெல்லாம் நட்டது எங்காளுக. இனி எம் பேத்தி பேரு இருக்கட்டும்.”

“அதைப் பிரிச்சு எடுத்துட்டு ஒட்டுறேனுங்க ஐயா.”

“வேணாங்க. அவன் அடியிலயே கெடக்கட்டும்.”

பசை தடவினால் சிறுத்தை ஒழிந்தது.

அவர் அடுப்படிக்குப் போய் டீ ஊற்றினார். விறகுப் புகை அவருக்கு ஆகாது, இழுப்பு வந்துவிட்டது. பலகையில் உட்கார்ந்து, ஆவி பிடிக்கக் கேத்தலை வைக்கச் சொன்னார். வைத்தேன். கேத்தலின் மூக்கு வழியாக ஆவி நிதானமாக வந்தது. சீட்டைப் பிரிக்க அப்படிப்பட்ட ஆவிதான் வேண்டும். அட்டையைத் திறந்து அதன்மேல் பிடித்தேன்.

“பம்பு... தம்பி, பம்பு,” என்று இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தைக் கேட்டார்.

இந்த வேலையில் பாதியில் கையை எடுத்தால் தாள் கிழியும். பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. சிறுத்தை முழுசாக வந்தது. அதற்குள் ஐயாவும் அமைதியாகிவிட்டார்.

பம்ப் எப்படி அலுமாரிக்கு மேலே போனது என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன், அவர் அடுப்படிக்கு எழுந்தபோதே. புகையில் இழுப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

வாக்குமூலத்தில் திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சேர். பிரித்த இடத்தைத் துடைத்து, நிலக்ஷியின் சீட்டைக் கோணாமல் ஒட்டிவைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒப்புக்கொண்ட வேலையில் நான் குறை வைத்தவனில்லை.