அப்பா பங்கு

கூடத்துல ஆம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கட்டும் தனலெட்சுமிக்கா, நீங்க இப்படி அடுப்படிக்கு வாங்க. உக்காருங்க. தாம்பூலம் மாத்தலாமான்னு உங்க வீட்டுக்காரர் இப்பக் கேட்டுடுவாரு. ஷாமினிய எங்க புனிதனுக்குக் குடுக்கிறதுக்கு முன்னால ஒரு விசயம் நீங்க தெரிஞ்சுக்கணும். ஐயோ, அதெல்லாம் இல்லக்கா! குடி கெடையாது, கெட்ட சகவாசம் கெடையாது, தங்கமான புள்ள லா. உங்க மகள் மருமகளா வரணும்னு மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டவளே நான்தான்.

அந்தப் படமா? எங்க வீட்டுக்காரருதான். பகாவ் சுத்துவட்டாரத்துல லோரி மூர்த்தின்னா தெரியாத தோட்டம் இல்ல. செம்பனைக் குலை ஏத்துற லோரி. கல்யாணத்தப்ப ஒல்லிக்குச்சி. லோரியில ஏறினாரு, போற வர்ற எடமெல்லாம் பாலும் சீனியும் தூக்கலா தே தாரிக், எண்ணெ வழியுற ரொட்டி சானாய். வயிறு ஸ்டீரிங்குல போயி இடிக்கும். நம்ம சனம் என்ன சொல்லும்? என்னயக் காட்டி, நம்ம பஞ்சாலைக்குக் கைராசி, புருசன் தேறிட்டாருன்னுச்சு. எனக்கும் பெருமை புடிபடல. பின்னங்கழுத்து கருகருன்னு ஆச்சு. கவரிங் செயின் சாயம்னு நெனச்சு நார் வச்சுத் தேய்ப்பேன், அவரு கத்துவாரு. கக்கூசுல நுரை நின்னுச்சு. நான் போடுற சோப்புத்தூள் நுரைன்னு நெனச்சேன்.

கால் வீங்கினப்பதான் டாக்டர்கிட்ட போனோம். அந்த டாக்டர் தோட்டத்துப் பொண்ணு, நமக்கு வெளங்குற மாதிரி சொல்லுச்சு. இன்சுலின்தான் மண்டோர், அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி, ஆண்ட்டி. காலையில பெரட்டுல ஆளுங்கள நிக்க வச்சுப் பேர் கூப்புடுது. ஒடம்புல கொழுப்பு ஏறிட்டா உள்ள இருக்கிற உறுப்புங்க அதக் காதுலயே வாங்காது. அது இன்னும் கத்தும், இன்னும் சுரக்கும். கழுத்து கறுக்கிறது அதனாலதான், அழுக்கு இல்ல. சீனி ரத்தத்துலயே தங்கிப் போவும், ரத்தக் கொதிப்பும் சேந்துக்கும். கிட்னியில இருக்கிற சல்லடைக்கும் அந்தக் கூப்பாடு கேக்கணுமாம். கேக்கலன்னா சல்லடை பிஞ்சு ஒடம்புச் சத்து ஒழுகும். அதான் நுரை. வலிக்கவே வலிக்காதுக்கா. வலிச்சிருந்தா முன்னாடியே ஓடியிருப்போமே!

அப்புறம் டயாலிசிஸ்தான். காயெல்லாம் வேக வச்சுத் தண்ணிய வடிச்சு, உப்பில்லாம ஆக்கிப் போடுவேன். தண்ணி கூட கப்புல அளந்துதான் குடுக்கணும். பஞ்சால, ஒரு மடக்கு குடு புள்ள, ஒரே ஒரு மடக்குன்னு கெஞ்சுவாரு. கெஞ்சிக்கிட்டே போயிட்டாரு.

வருச தெவசம் வந்துச்சு. கை பழகிப் போச்சு பாருங்க, படையலுக்கும் அதே பத்தியத்தயே ஆக்கி வச்சுட்டேன். உப்பில்லாத கறி, சீனியில்லாத தேத்தண்ணி. காக்கா வேலியில உக்காந்து பாக்குது, கிட்ட வர மாட்டேங்குது. சனமெல்லாம் பசியில காத்துக் கெடக்கு. நாத்தனார் ரதி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா, செத்தப்புறமும் எங்கண்ணனுக்குப் பத்தியமான்னு. புனிதன் மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுப் பறந்தான். காதர் மைதீன் கடையில ரொட்டி சானாய், தே தாரிக் வாங்கியாந்து எலையில வச்சான். வச்ச கைய எடுக்கல, காக்கா வந்துருச்சு. அப்பாவ வாயக் கட்டியே அனுப்பிட்டோமேம்மான்னு புள்ள ஓன்னு அழுதான். கிளாசுல மிச்சம் கெடந்த தேத்தண்ணிய எடுத்து அவனே குடிச்சான்.

அன்னையிலேருந்து அப்பா பங்கும் அவன்தான் குடிக்கிறான்.

அதே கடை, அதே மேசை. ஒடம்பும் அப்படியே அவரு ஒடம்பாயிருச்சு. சாயங்காலம் வாசல்ல மூச்சு வாங்குற சத்தம் கேக்கும், நான் பாட்டுக்கு அவரு தட்ட எடுத்து வைப்பேன். அவருதான் இல்லையேன்னு அப்புறம்தான் ஒறைக்கும். கதவத் தொறந்தா புனிதன் நிக்கிறான். பெத்த புள்ளையப் பாத்துப் பயப்படுறேன்கா. தாகம் தீராமப் போன மனுசன் இவன் வாய் வழியா குடிக்கிறாரோன்னு கூட தோணுது. கிளினிக்குக்கு வாடான்னா, அப்பா மாதிரி பட்டினி கெடந்து சாகச் சொல்றியாங்கிறான். ஆரம்பத்துலயே பாத்தா புடிச்சு நிறுத்தலாம்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லியிருக்கு. என் பேச்சுதான் அவன் காதுல ஏறல. ஷாமினி சொன்னா ஒருவேள கேப்பான். ஆனா, மறைச்சு உங்க புள்ளைய இந்த வீட்டுக்குள்ள கூட்டிக்க எனக்கு மனசு வரல.

கழுத்தா? ஆமாக்கா, கறுத்துத்தான் இருக்கு. அதுக்குத்தான் இன்னைக்குக் காலர் வச்ச சட்டை போட்டிருக்கான்.

நிச்சயமாத் தெரியுமான்னா கேக்குறீங்க? ஒரு வாரமா கக்கூசுக்கு சோப்புத்தூளே போடல, வெறும் தண்ணிதான் ஊத்திக் கழுவுறேன். இன்னைக்குக் காலையிலயும் அவன் போயிட்டு வந்தப்புறம் பாத்தேன். நுரை நிக்குது.

தேத்தண்ணிய எடுத்துக்குங்க, ஆறிடப் போவுது. சீனி போடலக்கா.