கைக்கோடாலியும் கீழ்த் தாழ்ப்பாளும்

டக்... டக்... அப்படித்தாண்ணே கேட்டுச்சு. ரெண்டு தட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் இன்னொரு தட்டு. கல்லுல கல்லு மோதுற சத்தம். அன்னிக்கு நல்லா இருட்டிப் போச்சு. எங்க வீட்டுக்காரரு லியோனார்ட்டுக்கு ஹார்பர்ல நைட் ஷிஃப்ட்டு, எங்கியோ கிரேன் மேல உக்காந்திருப்பாரு. வீட்டுல நானும் அம்முவும்தான். ரெண்டரை வயசு, அவளா என்னைக் காப்பாத்துவா?... ஐயோ, நீங்க பேசாதீங்க ரகுபதிண்ணே, வாய் நிறைய ஸ்க்ரூ வெச்சுக்கிட்டு! முழுங்கித் தொலைச்சீங்கன்னா நான்தான் உங்களையும் இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நீங்க தாழ்ப்பாளைப் பாருங்க. பேசுறதை நான் பாத்துக்கிறேன்.

பழசு எப்படி உடைஞ்சுதா? உப்புக் காத்துண்ணே. திருவொத்தியூர்ல இரும்பு எங்க நிக்குது... துருப்புடிச்சு, தானா கழண்டு... என்ன காட்டுறீங்க? கதவுல குழியா? அது... எலி.

சரி, எலி இல்ல. சொல்றேன். சிரிக்காதீங்க, ஸ்க்ரூ விழும்.

எல்லாத்துக்கும் காரணம் வாசல்ல கெடக்குதே அந்தக் குவியல்தான். ரோட்டை மேல மேல போட்டு உசத்திட்டாங்களா, வீடு பள்ளமாயிடுச்சு. மழை வந்தா தண்ணி நேரா கட்டிலுக்கு வருது. தரையை ஏத்தணும்னு லியோனார்ட் ஒரு லோடு கிராவல் இறக்கினாரு. மூணு மாசம் ஆச்சு. 'அடுத்த லீவுல, அடுத்த லீவுல...' அதுல ஒரு கல்லு மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சுண்ணே. பெரிய மாங்கா சைசு. ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் கூரு. எடுத்தா கைக்குள்ள அப்படியே உக்காருது. அதைக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சேன். தாழ்ப்பாள் இருக்கும்போது எதுக்குக் கல்லுன்னு கேக்குறீங்க. தாழ்ப்பாளும் போடுவேன், கல்லும் வெப்பேன், ரெண்டு தடவை எழுந்து வந்து இழுத்தும் பாப்பேன். ஹாஸ்டல்லயே அப்படித்தான். 'டோரதி, உன்னைத் தூக்கிட்டுப் போய் எவன் கஷ்டப்படப் போறான், போய்ப் படு'ன்னு சிஸ்டர் திட்டுவாங்க.

ம்? என்ன, மேல கை காட்டுறீங்க? மேல வேணாம்ணே, மரம் ஊறிப்போயிருக்கு. பழைய இடத்துலயே போடுங்க, கீழ. எனக்கு அதான் பழக்கம்.

எங்க விட்டேன்? ஆங், சத்தம். பயந்தவ உள்ளதானே இருக்கணும்? எனக்குப் பயம் வந்தா மூளை உல்ட்டாவா வேலை செய்யும். அந்தக் கல்லைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டேன். குவியல் மேல ஒரு உருவம் குந்திக்கிட்டு இருக்கு, கையில செல்ஃபோன் லைட்டு. கல்லை ஓங்கிட்டேன்ணே. 'அக்கா! அத்தக் கீழ வைக்கா!'ன்னு ஒரே கத்து. பரவால்லையே, நம்மளைப் பாத்தும் ஒருத்தன் பயப்படுறானேன்னு எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

பாத்தா எதிர்வீட்டு ஜெரினாக்கா பொண்ணு கௌசரு! தொல்லியல் படிக்குதே, அது. கூழாங்கல்லைத் தட்டி உடைச்சு உள்ள என்ன கலருன்னு பாத்துச்சாம். அது பயந்தது என்னைப் பாத்து இல்லண்ணே, கல்லுக்கு என்ன ஆயிடுமோன்னு. 'கைக்கோடாலிக்கா அது! ஆதி மனுசங்க செதுக்கினது! கொசஸ்தல ஆத்தங்கரையில வேட்டையாடிக்கினு, கெழங்கு தோண்டிக்கினு இருந்தாங்களே...' ஆத்துக்கு அந்தாண்ட எங்கியோ தோண்டின மண்ணு, லாரி ஏறி என் வாசல்ல வந்து விழுந்திருக்கு. எனக்கு ஸ்கூல்ல இதெல்லாம் நாலு மார்க் கேள்வி. சாய்ஸ்ல விட்டேன். விட்டவன் வீடு தேடி வந்துட்டான்!

நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன், பின்னால 'டக்'. அம்மு. உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுட்டா.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா? ...நான்தாண்ணே. தெனம் அவரு கிளம்பினதும், ஓடிப்போய்ப் போடுன்னு கை தட்டிப் பழக்கி வெச்சிருக்கேன். போடத்தான் பழக்கினேன். எடுக்கப் பழக்கல.

உள்ள அடுப்புல பால். குழந்தை அழுவுது. 'இன்னாமா, இன்னா ஆச்சு'ன்னு தெருவே கூடிடுச்சு. என் கையில என்ன இருக்கு? கல்லு. ஓங்கிப் போட்டேன். கௌசரு என் கையைப் புடிச்சுத் தொங்குது, 'வேற கல்லு எட்துக்கோக்கா, அது பல லட்சம் வருசம்க்கா!' என் பொண்ணு ரெண்டரை வருசம்டி, வுட்றீன்னு அடிச்சேன். நாலாவது அடியில தாழ்ப்பாள் பறந்துச்சு. எலி இல்லண்ணே, நான்தான்.

மறுநாள் கௌசரு அந்தக் கல்லை வெயில்ல வெச்சுக் காட்டுச்சு. அவங்க செதுக்கின இடமெல்லாம் பழுப்பேறி வழவழன்னு இருக்கு. கூர் முனையில மட்டும் ஒரு சில்லு பேந்து, தேங்காப் பத்தை மாதிரி வெளுப்பு. அது என் வேலை. அத்தனை லட்சம் வருஷம் கழிச்சு அந்தக் கல்லுல கைவெச்ச அடுத்த ஆளு நான்! 'புதிய உடைப்பு, கதவு'ன்னு நோட்டுல எழுதிக்கிச்சு. நல்லவேளை, பேரு போடல.

சிரிங்க. ஆனா ஒண்ணுண்ணே, அஞ்சு ராத்திரியா அந்தக் கல்லைக் கதவுக்கு வெச்சுட்டுத் தூங்காமப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதைச் செதுக்கினது ஒரு பொம்பளையா இருந்தா? பக்கத்துல அவளோட அம்மு. சுத்தி சிறுத்தை, கரடி. கதவே கெடையாது. அவ எப்படித் தூங்கினான்னு கௌசரைக் கேட்டேன். 'அதுக்கெல்லாம் ஆதாரம் கெடைக்காதுக்கா'ன்னுட்டா.

தாழ்ப்பாள் வந்தாத்தான் கல்லுன்னு கௌசர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நீங்க பையை எறக்கினதும் தூக்கிட்டா. இந்நேரம் ட்ரெயின் ஏறியிருப்பா, ப்ரொஃபசர்கிட்ட காட்ட. லியோனார்ட்டும் டூட்டிக்குக் கிளம்பிட்டாரு. இனி இந்தத் தாழ்ப்பாள்தான் எனக்கு எல்லாம். என்ன மறுபடியும் ம்ம், ம்ம்? முடிங்க முதல்ல.

ஆச்சா? வெளிய வாங்க, கதவு நேரா உக்காருதான்னு சாத்திப் பாப்போம்... அட, ஒரு நூல் இடுக்கு இல்ல! இன்னிக்குத் தூங்கிடுவேன்ணே. ஒண்ணு மட்டும் சத்தியம். இனிமே அம்முகிட்ட 'டாடி போயாச்சு, ஓடு, டக் போடு'ன்னு சொல்லவே...

டக்.

அம்மு? அம்மு செல்லம்... மேல தூக்கி இழுடா... கை தட்டாதடி!

வேலை சுத்தம்ணே. ஆடவே இல்ல. உங்க சுத்தி எங்க? உள்ளயா. உளி?... அதுவும் உள்ள.

என்ன, இப்பத்தான் வாயைத் தொறக்குறீங்க! 'கீய வேணாம்மா, கொயந்த கைக்கு எட்டும்'னு சொல்ல வந்தீங்களா? அப்பவேவா? ஸ்க்ரூவைத் துப்பிட்டுச் சொல்லக்கூடாதா!

அழாத அம்மு, அம்மா இங்கதான் இருக்கேன்... வாங்கண்ணே, குவியல்ல தேடுங்க. கைக்கு அடக்கமா, ஒரு பக்கம் உருண்டையா, ஒரு பக்கம் கூரா. நல்லா ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்து எடுங்க.