வெறுந்தரையில் முதல் ஆள்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, கண்ணைத் துடைப்பதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கும் எங்கள் கிளப் முதலாளி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பல் மருத்துவப் பெருமக்களே! மூடிப்போன கிளப்புகளின் முன்னாள் முதலாளிகளே! அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! இத்தனை வருடம் சிவப்பு விளக்கிலும் நீல விளக்கிலும் மட்டுமே நான் பார்த்த முகங்களை, இன்று பட்டப்பகலில், நரைத்த தலையோடும் அழுத கண்ணோடும் காட்டிக்கொண்டிருக்கும் என் அருமை ஆட்டக்காரர்களே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குப் பேச வராது. இருபது வருடத்துக்கு மேலாக உங்களுக்குப் பாட்டுப் போட்டே பழகியவன். மைக்கைப் பிடித்தால் 'அடுத்த பாட்டு' என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் நம் போணி அண்ணனுக்கு நான் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

யார் இந்தப் போணி அண்ணன்? பல்செட் செய்கிறவர் என்பார்கள் மருத்துவர்கள். உண்மைதான். இந்த ஊரில் வயதானவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கையால் செய்தது. ஆனால் இந்த ஊரின் சனிக்கிழமைகளுக்கு அவர் யார்? அதைச் சொல்ல, வெறுந்தரை என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்ந்துவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வந்துவிட்டது. பாட்டு ஓடுகிறது, விளக்கு சுற்றுகிறது. நடுவில் தரை மட்டும் காலி! சுவரை ஒட்டிக்கொண்டு எல்லாரும் நிற்கிறார்கள், பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி. ஆடத்தானே வந்தார்கள்? ஆனால் யார் முதலில் இறங்குவது? "நீ போடா." "நீ போயேன்." "கொஞ்சம் கூட்டம் சேரட்டும்டி." எல்லாருமே கூட்டம் சேரக் காத்திருந்தால் கூட்டம் எங்கிருந்தய்யா சேரும்? சில பேர் போட்டு வந்த சட்டை கசங்காமல் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்போது ஓர் ஆள் இறங்குவார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காலில் பளபளவென்று ஷூ. நேரே நடுத்தரைக்கு வருவார். ஆட ஆரம்பிப்பார். அடடா, அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்! கை கிழக்கே போனால் கால் மேற்கே போகும். ஈரத்துணியை உதறுகிற மாதிரி தோளை உதறுவார். தாளம் அவரை விட்டுவிட்டு எவ்வளவோ தூரம் போயிருக்கும், அவர் அதைப் பற்றிக் கவலையே படமாட்டார். சுவரோரத்தில் முதலில் ஒரு சிரிப்புக் கேட்கும். பிறகு ஒரு ஜோடி இறங்கும். அப்புறம் நாலு பேர். அந்தப் பாட்டு முடிவதற்குள் தரையில் கால் வைக்க இடம் இருக்காது.

கடையில் நாளின் முதல் வியாபாரத்தைப் போணி என்கிறோம் அல்லவா? எங்கள் தரைக்கு வாராவாரம் போணி செய்தவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று உங்களில் பலருக்கு இரங்கல் சுவரொட்டியைப் பார்த்துத்தானே தெரிந்தது? எனக்கும் அப்படித்தான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த நீலக்கதவு கிளப் நினைவிருக்கிறதா? துணிக்கடை மாடியில் இருந்த கண்ணாடி கிளப்? பாலத்தடியில் ஒன்று இருந்ததே, மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு அதைச் சுற்றி ஆடுவோமே? எல்லா இடத்திலும் அண்ணன்தான் போணி. இன்று நீலக்கதவில் மருந்துக்கடை. கண்ணாடி கிளப்பில் பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள். பாலத்தடியில் கார் நிறுத்துகிறார்கள். மிச்சம் இருப்பது நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பழைய அச்சகத்து மாடி ஒன்றுதான்.

இதுவும் எத்தனை நாளைக்கு? மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து இந்தத் தரையில் யாரும் இறங்கவில்லை. வருகிறீர்கள், நிற்கிறீர்கள், போனைப் பார்க்கிறீர்கள், போகிறீர்கள். மரச்சாமான் கம்பெனி ஒன்று இந்த மாடியைக் குடோனுக்குக் கேட்கிறது. முதலாளி என்னிடம் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை பாப்போம்ப்பா. அன்னைக்கும் இப்படியே செவுத்தோட ஒட்டிக்கிட்டு நின்னாங்கன்னா, சாவியைக் குடுத்துருவேன். ஆடாத எடத்துக்கு எதுக்கு வாடகை?" அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கட்டடக்காரருக்கு அவரும் பதில் சொல்ல வேண்டும்.

அழுகை போதும், ஒரு கூத்தைச் சொல்கிறேன். நீலக்கதவு முதலாளி இங்கேதான் இருக்கிறார், பொய் சொன்னால் பிடித்துவிடுவார். அந்தக் கிளப் மூடும்போது அவர் என்னிடம் வந்து, "போணியைப் பத்திரமா பாத்துக்கப்பா, உன் ஆளு தங்கமான ஆளு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் ஆளா? உங்க ஆளு இல்லையாண்ணே? நீங்க சம்பளம் போட்டு வச்சிருக்கீங்கன்னுல்ல நெனைச்சேன்!" என்றேன். அவர் முழிக்கிறார், நான் முழிக்கிறேன். கண்ணாடி கிளப்புக்குப் போனோம். அந்த முதலாளி, "எனக்கென்ன தெரியும், நீலக்கதவுல இருந்து இரவல் வந்து போறார்னு நெனைச்சேன்" என்கிறார். அத்தனை முதலாளிகள், ஒரு பாட்டுக்காரன், எல்லாரும் பெரிய புத்திசாலிகள்! அந்த மனிதர் வாராவாரம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். எங்களில் ஒருத்தருக்கும் அது கண்ணில் படவில்லை.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனேன். மேசை முழுக்கப் பல். மெழுகில் யாருக்கோ ஈறு செதுக்கிக்கொண்டிருந்தார். "ஏண்ணே இதெல்லாம் செய்றீங்க? உங்களுக்கு ஆட்டம்னா அவ்ளோ ஆசையா?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எனக்கு எங்கேப்பா ஆட வருது? ஆட வர்றவன் மொதல்ல எறங்கினா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. 'நமக்கு இப்படி வராது'ன்னு உக்காந்துருவாங்க. வராதவன் எறங்கினாத்தான், 'இவனே ஆடுறான், நமக்கென்ன கேடு'ன்னு எந்திரிப்பாங்க. யாராவது ஒருத்தனைப் பாத்து எல்லாரும் சிரிக்கணும்ல? எனக்கு அது வலிக்கல. வலிக்கிறவன் எதுக்கு அதைச் செய்யணும்?"

இதைக் கேட்டபின் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அத்தனை வருடம் நானும்தானே சிரித்தேன்?

நாட்டியப் பள்ளி நடத்தும் அம்மா ஒருவர், மனம் பொறுக்காமல், "காசு வேணாம், நானே சொல்லித் தர்றேன், கொஞ்சமாவது கத்துக்கங்க" என்று கெஞ்சினார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா. கத்துக்கிட்டா என் பொழப்பு கெட்டுரும்" என்றார். சம்பளமே இல்லாத பிழைப்பு!

ஒரு சமயம் சில இளவட்டங்கள் அவர் ஆட்டத்தைப் போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி, அண்ணி நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை ராத்திரி எப்போதும் அண்ணிக்கு டியூட்டி. அந்த வாரம் டியூட்டி நடுவில் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், இந்தப் படியேறி வந்தார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். இன்றைக்கு அண்ணனுக்குப் பூசைதான் என்று நினைத்தேன். ஒரு முழுப் பாட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். பிறகு அண்ணனிடம் போய், "இவ்ளோ கேவலமா ஆடுவீங்கன்னு சொல்லவே இல்லையே! தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பேன்ல" என்றார்கள். அண்ணி சிரிக்கிறார்கள், பாருங்கள். நடந்ததா இல்லையா, அண்ணி?

இந்த மாடியில் எத்தனை பேர் இந்தத் தரையிலோ, மூடிப்போன அந்தத் தரைகளிலோ முதன்முதலில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்? கையைத் தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், இப்போது என்ன வெட்கம்? அம்மாடி, இத்தனை பேரா! அதோ பேங்க் மேடம், பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர். இந்த மேடமும் அந்த டிரைவரும் வேறு எங்கே சந்தித்திருக்க முடியும்? ஓவர்டிராப்ட் கேட்கவா போயிருப்பார்? அண்ணன் இறங்கியிருக்காவிட்டால் இவர் ஒரு சுவரிலும் அவர் ஒரு சுவரிலும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்ததற்கே அவர்தான் காரணம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்! சிரியுங்கள், சிரியுங்கள். இந்த மனிதருக்கு அழுதுகொண்டே நன்றி சொல்ல முடியாது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "யாராவது எறங்குறாங்களா?" என்றுதான் கேட்டார்.

"இல்லண்ணே. நிக்கிறாங்க."

"ஆட வராத ஆள் ஒருத்தனைப் புடிக்க வேண்டியதுதானே?"

"அப்படிப்பட்ட ஆளுக்கு நான் எங்கண்ணே போவேன்?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், உனக்கென்ன கொறைச்சல்? உன்னைவிட மோசமா யாரு ஆடப்போறா?" என்றார்.

"நான் எறங்கிட்டா பாட்டு மெஷினை யாருண்ணே பாத்துக்கறது?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அண்ணி வந்து என்னை வெளியே விரட்டினார்கள். அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை.

அன்பர்களே! தோழர்களே! இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சொல்வது போல, 'அவர் விட்டுச்சென்ற பணியை நாங்கள் தொடர்வோம்' என்று சொல்லிவிட்டு என்னால் இறங்கிப்போக முடியவில்லை. நாங்கள் என்றால் யார்? தொடர்வோம் என்றால் எப்போது? நாம் எல்லாரும் மனதார நன்றி சொல்கிறோம், ஆனால் வரும் சனிக்கிழமை அந்தத் தரையில் முதல் காலை வைக்கப்போவது யார்? ஆகவே அண்ணனின் இந்தப் படத்தின் முன்னால், அண்ணி சாட்சியாக, நான் சொல்கிறேன். நான் இறங்குகிறேன். எனக்கு ஆட வராது. என் மனைவிக்குத் தெரியும், என் பிள்ளைகளுக்குத் தெரியும், என் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். மெஷினுக்கு ஒரு ஆளை எப்படியாவது தேடிப் பிடித்துவிட்டு, சனிக்கிழமை கட்டாயம்...

என்ன அண்ணி? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

அண்ணி சொல்கிறார்கள்: "ஆள் தேடுறேன், பேர் தேடுறேன்னு சனிக்கிழமை வரைக்கும் இழுக்காதீங்க. ஐசியூல அத்தனை மெஷினைப் பாத்துக்கறேன், இதைப் பாத்துக்க மாட்டேனா? எந்தப் பொத்தான்னு காட்டிட்டு நீங்க எறங்குங்க."

இப்பவா, அண்ணி? எல்லாரும் கறுப்புச் சட்டையில் வந்திருக்கிறார்கள். படத்துக்கு முன்னால்...

சரி. "அவர் மொகத்துக்கு முன்னாடிதான் ஆடணும்" என்கிறார்கள்.

முதலாளி அவர்களே, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் பாருங்கள். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளுங்கள். அண்ணி, இடது பக்கம், பச்சைப் பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் போதும்.

அடேயப்பா, இந்தத் தரை எவ்வளவு பெரிசு! தனியாக இங்கே நிற்பது இப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே! நான் மைக்கைக் கீழே வைக்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள்.