உப்புக்காத்துக்குப் பயந்த பிரேக்

ஹலோ... ஹலோ, அத்தான்! சுகந்தன் கதைக்கிறன். எங்க நிக்கிறியள்?... ஓடிக்கொண்டு இருக்கிறியளோ? என்ர வான் வண்டியிலயோ?

ஓம்... ஓம், அக்காவுக்கு இண்டைக்கு கிளினிக் எண்டு தெரியும். எட்டு மாசம் எண்டும் தெரியும். நான்தானே கொண்டுபோறன் எண்டனான். வான் முன் ரயர் ரெண்டும் இல்லாமல் நிண்டதே, பாக்கேல்லையோ?... நீங்களே பூட்டிட்டியளோ. கெட்டிக்காரன்.

அத்தான், ஒரு கேள்வி. வீட்டு முத்தத்தில எஞ்சின் ஒயில் போத்தல் கிடக்குது. பக்கத்தில உங்கட வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிற பிரஷ். என்னத்துக்குப் பூசினனீங்கள்?...

நான் பூட்டின புது பிரேக் டிஸ்க்குக்கோ.

இல்லை, நான் சிரிக்கேல்லை. ஓம், உப்புக்காத்து. ஓம், விடியிறதுக்குள்ள இரும்பு சிவந்துபோம். கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், கிணத்துக் கப்பி, எல்லாத்துக்கும் நீங்கள் பூசுறது தெரியும். சுவாமிப் படம் மாட்டின ஆணிக்கும் பூசினனீங்கள். ஆனா பிரேக் எண்டது, அந்த டிஸ்க்கை ரெண்டு பக்கத்தாலயும் பிரேக் பாட் இறுக்கிப் பிடிக்கிறது. எண்ணெயில அது என்னத்தைப் பிடிக்கும்?... கொம்பனிக்காரனே எண்ணெய் பூசித்தானே அனுப்பினவனோ? அதைத் துடைச்சுப்போட்டுத்தான் அத்தான் நான் பூட்டினனான்!

சரி, இப்ப எப்பிடிப் பிடிக்குது?... வழுக்குதோ. புகையுமோ... புதுசெண்டா அப்பிடித்தான் இருக்குமோ? இருக்காது.

நிப்பாட்டுங்கோ... ஐயோ, பிரேக்கை மிதிச்சு இல்லை!

போனை அக்காட்டக் குடுத்து ஸ்பீக்கரில போடச் சொல்லுங்கோ. ரெண்டு கையும் ஸ்ரேரிங்கில இருக்கட்டும்... அக்கா, ஒண்டும் இல்லை. பெல்ற்றைப் போடு. வயித்துக்குக் கீழால... ஒண்டும் இல்லையெண்டா பெல்ற் ஏனோ? சும்மா போடு, அக்கா.

வங்காலை தாண்டிட்டியளோ?... அப்ப முன்னுக்குச் சந்தி. லொறி வாற சந்தி. அக்சிலேற்றரில இருந்து காலை எடுங்கோ. மூண்டாம் கியர்... உறுமும், உறுமட்டும். ரெண்டு... திறப்பைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ, ஸ்ரேரிங் பூட்டிக்கொள்ளும்!... என்ன, றோட்டில ஆடுகளோ? எத்தினை?... ஹோன் அடியுங்கோ! இடப்பக்கம் மணல் இருக்கோ?... மணலுக்க இறக்குங்கோ. ஹான்ட் பிரேக்கை மெல்ல... மெல்ல இழுங்கோ... அத்தான்?... அக்கா?... அக்கா!

...

நிண்டிட்டுதோ.

ஓம்... ஓம். ஆட்டுக்காரன் பேசட்டும். பேச விடுங்கோ.

என்ன அத்தான்?... நான் பூட்டினது பிழையோ. ஓம், யூரியூப் பாத்துத்தான் செய்தனான். கம்பஸில வரலாறு படிக்கிறவன் நட்டுக் கழட்டக்கூடாதுதான். ரெண்டு நாள் முழங்காலில நிண்டனான். பழைய டிஸ்க்கைச் சுத்தியலால அடிச்சு எடுக்கேக்க ஒரு நகம் போச்சுது. அக்கா ஏறப்போறா எண்டு ஒவ்வொரு நட்டையும் மூண்டுதரம் இறுக்கினனான்... எது? எண்ணெய் காணாததாலதான் புகைச்சதோ? இன்னும் ரெண்டு பூச்சுப் பூசியிருக்கோணுமோ?

ஓம் அத்தான். அதுதான் குறை.

அக்காவைக் கதைக்கச் சொல்லுங்கோ.

அக்கா, அழாத. பிள்ளை அசையுதோ?... உதைக்குதோ. நல்லது... ஸ்பீக்கரை நிப்பாட்டிட்டியோ? அப்ப ஒண்டு கேள், அந்த டிஸ்க்கில... ஆர்? அத்தானோ?... அத்தான்தான் மூளையாக் கியரைக் குறைச்சு நிப்பாட்டினவரோ. ஓம்... நான் போனில கத்திக் கத்தி அவரைக் குழப்பினனானோ. அதையும் தாண்டித்தான் நிப்பாட்டினவரோ.

...

இல்லை, ஒண்டும் சொல்ல வரேல்லை. நீ அழாத. மூச்சை மெல்ல எடு... ஓம். என்ர பிழைதான்... ஓம், அத்தான் இல்லாட்டி இண்டைக்கு... ஓம்... பிள்ளை பிறந்தாலும் என்ர வானில ஏத்த மாட்டியோ?... ஒருநாளுமோ.

சரி. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்... வரவேண்டாமோ... சரி அக்கா. பஸ் வரும், ஏறிப் போங்கோ. சனமெண்டா முன் சீற்றைக் கேட்டு இரு. அத்தானுக்கு... ஓம், நான் நன்றி சொன்னதாச் சொல்லு. இல்லை, நக்கல் இல்லை. உண்மையாத்தான்...

ஹலோ?... அக்கா?...