குருநகரில் எழும்பிய கோட்டை

கிறகோரி: என்னத்தான், இதுவே கோட்டை?

இன்னாசித்தம்பி: பின்னை? ஒல்லாந்தன் கட்டினது போன வருச அடிபாட்டிலை இடிஞ்சு போச்சு. இன்னாசித்தம்பி கட்டினது நிக்குது. வடிவாச் சுத்திப் பார். பாக்க ரிக்கற் எடுக்கத் தேவையில்லை.

கிறகோரி: நான் கோழிக்கூடெண்டெல்லோ...

இன்னாசித்தம்பி: நக்கலடிக்காதை! எல்லாம் கோட்டை மதில் கல்லு. சைக்கிள் கரியரிலை ஏத்தி ஏத்தி என்ரை முதுகும் கோணிப்போச்சு. ஷெல்லடிக்கு ஒளிக்கப் பங்கர் இல்லாத வீட்டுக்கு வரமாட்டன் எண்டு என்ரை மனிசி, உன்ரை கொக்கா, உடுவிலிலை போய் இருந்தால், நான் வேறை என்ன செய்ய?

கிறகோரி: பங்கரெண்டால் நிலத்தைத் தோண்டியெல்லோ வெட்டிறது?

இன்னாசித்தம்பி: தோண்டினன். கடல் வந்திட்டுது. நண்டும் வந்து குடியிருந்திட்டுது. அதுதான் மேலை கட்டினன்.

கிறகோரி: சரி, உள்ளை போய்க் காட்டுங்கோ.

இன்னாசித்தம்பி: நீ போ. நீயெல்லோ விருந்தாள்.

கிறகோரி: சீச்சீ, ராசா முதல்லை...

இன்னாசித்தம்பி: ராசா இப்பதான் குளிச்சவர்.

கிறகோரி: அத்தான்... போங்கோ.

இன்னாசித்தம்பி: சரி, சரி... தலை போச்சுது, பார்... தோளும்... ஐயோ மாதாவே!

கிறகோரி: என்ன?

இன்னாசித்தம்பி: வயிறு இறுகிப்போச்சு! காலிலை பிடிச்சு இழுடா!

கிறகோரி: சிரிப்பிலை கை வழுக்குது... ஆ, வந்திட்டியள். கட்டினவரே உள்ளை போக ஏலாத கோட்டை!

இன்னாசித்தம்பி: வலை இழுக்கிறவன் மேசன் வேலைக்குப் போனால் இப்பிடித்தான்.

கிறகோரி: வாசலைக் கொஞ்சம் பெருசா விட்டிருக்கலாமே?

இன்னாசித்தம்பி: பெரிய வாசலெண்டால் ஷெல் துண்டு உள்ளை வரும்.

கிறகோரி: அப்ப பொம்மர் பிளேன் வந்தால் நீங்கள் எங்கை?

இன்னாசித்தம்பி: கவிட்டு வைச்ச வள்ளத்துக்குக் கீழை. எனக்கு ஒண்டும் நடக்காது... தடிச்ச தோல்.

கிறகோரி: பகிடியை விடுங்கோ. உள்ளை ஒரு ஆளுக்குத்தானே இடம்?

இன்னாசித்தம்பி: ...ஓம். கொக்கான்ரை அளவு. மிச்சக் கல்லெல்லாம் சனம் அள்ளிப்போட்டுது. என்னாலை அவ்வளவுதான் கொண்டுவர ஏலுமாயிருந்தது.

கிறகோரி: அத்தான்...

இன்னாசித்தம்பி: சொல்லிப்போடாதை, மச்சான். நல்ல பெரிய பங்கர், ரெண்டு பேரும் காலை நீட்டிப் படுக்கலாம் எண்டு சொல்லு. அவ வந்தால் காணும். அவ இல்லாமல் வீடு வீடாயில்லை.

கிறகோரி: நான் சும்மா சுத்திப் பாக்க வரேல்லை. அக்காதான் அனுப்பினவ. "அந்த மனிசன் தனக்கெண்டு இடம் விட்டிராது. உள்ளை பூந்து காட்டச் சொல்லு. பூர ஏலாட்டி இடிச்சுப்போட்டு, ரெண்டு பேருக்கும் கட்டிக் குடுத்திட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ" எண்டவ. எங்கை, இடிக்கிறதுக்கு அலவாங்கு?