அருவிச் சத்தத்தில் கேட்ட சம்மதம்

"அப்பா தலைய ஆட்டிட்டாகம்மா!"

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் அம்மாவிடம் சொன்னாள். சாரல் காலம், எல்லார் தலையும் ஈரம். அவள் அப்பா டிரைவருக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குட்டி தலைய ஆட்டுனாக?"

"அருவியில துண்டு குடுக்கப் போனேன்லா, அப்பக் கேட்டேன். மெட்ராஸ்ல பி.ஏ. சேரணும், உலக சரித்திரமும் பூகோளமும் எடுக்கணும், வெளிநாட்டுப் பாஷை ஒண்ணும் படிச்சாத்தான் பட்டம்னு எல்லாத்தையும் சொன்னேன்."

"ஏட்டி, அந்தச் சத்தத்துல அவுகளுக்கு என்ன கேட்டிருக்கும்? நீ துண்டு வேணுமான்னு கேக்குதேன்னு நெனச்சிருப்பாக."

பெண்ணின் முகம் வாடிவிட்டது. "வீட்டுல வச்சுக் கேட்டா, செங்கோட்டை மாப்பிள்ளை பேச்ச எடுத்துருவாகளே."

"நானும் கூட நின்னு கேக்குதேன். அழாத."

தென்காசி வந்ததும் அப்பா எழுந்து இவர்களிடம் வந்தார்.

"எறங்குங்க. ஏட்டி, வெளிநாட்டுப் பாஷைன்னு சொன்னியே, எதப் படிக்கப் போற?"

பெண் துள்ளி எழுந்தாள். "பிரெஞ்சுப்பா!"

"சரி. அதுல அப்பாவ எப்படிக் கூப்பிடுவாகன்னு மெட்ராஸ் போனதும் மொதக் காயிதத்துல எழுது."

அம்மாதான் முதலில் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்ததில் இறங்க மறந்துவிட்டார்கள். கண்டக்டர் வந்துதான் இறக்கிவிட்டார்.