மெல்லிய கண்ணாடி

என் மேசையில் தூசி இருந்து யாரும் பார்த்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஐயா.

குற்றங்களில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் ஜெயிலுக்குப் போய்வந்தவன் மனு போட்டால் ஒரே வரியில் முடித்துவிடலாம். பிறகு சட்டத்தை மாற்றினார்கள். பழைய குற்றத்தைப் பார்க்கக் கூடாதாம். மனு போட்ட பிறகு புதிதாக ஏதாவது செய்தால்தான் தள்ளுபடியாம். நல்ல கூத்து. பிறந்ததிலிருந்து ஒரு குண்டூசி திருடாத எனக்கு எவன் நஷ்டஈடு கொடுத்தான்?

நீங்கள் கேட்கிற அந்த வெல்டர் அதற்குப் பிறகு வந்தவன். மருந்துக்கடைக்குள் புகுந்த திருடர்களைத் தடுக்கப்போய் முகத்தில் பாட்டில் அடி வாங்கியவன். ஒரு கண் போய்விட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். சின்ன வயதில் பட்டறையில் மோட்டார் திருடி உள்ளே இருந்தவன் என்பதும் மனுவிலேயே இருந்தது.

நான் அவனைத் திட்டவில்லை. "இதுல சீல் சரியா விழலப்பா, நாளைக்கு வா" என்பேன். மறுநாள் வேறொன்று. அவன் மனைவிதான் கையைப் பிடித்து அழைத்து வருவாள்.

"நேத்து தெரிஞ்ச வெளிச்சம் இன்னைக்குத் தெரியலங்கறாரு சார். கொஞ்சம் மனசு வைங்க."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்கு நாற்காலி போடச் சொன்னேன்.

கடைசியாக, கூடம் நிறைய ஆள் இருந்த நேரம் பார்த்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "மோட்டார் தூக்கின கைதானே? இப்ப ஏன் நடுங்குது?" என்றேன். கத்தவில்லை, எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குத்தான். ஓங்கி ஒரு குத்து விட்டான். கண்ணாடி நொறுங்கியது. அரசுச் சொத்துக்குச் சேதம். போலீஸ் வந்தது. மனு தள்ளுபடி. அவள் என் காலில் விழ வந்தாள். சட்டம் என் கையில் இல்லையம்மா என்று எடுத்துச் சொன்னேன்.

அவனுக்கு இப்போது இரண்டு கண்ணும் இல்லை என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அது முன்பும் பல தடவை உடைந்திருக்கிறது. உடைத்தவர்கள் எல்லோரும் இவனைப் போல உள்ளே போய்வந்தவர்கள்தான். ஒவ்வொருவரையும் அவனவனுக்குச் சுடுகிற வார்த்தையாகத் தேடித்தான் கேட்டேன். உடையாத ரகம் போடலாம் என்று கடைக்காரர் சொன்னபோது, வேண்டாம், மெல்லியதே போதும் என்று கேட்டு வாங்கியவனும் நான்தான்.

எதையும் மறைக்கவில்லை, ஐயா. சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவன். இதுவரை என் பேரில் ஒரு கறை கிடையாது. இதனால் ஏதும் ஏறிவிடாதே?